மணிக்கு மூன்று நிமிடம்

கடலுக்குக் கொண்டுபோகிற வோக்கியை, அந்தக் கை ரேடியோவை, நான் கதைப்பதற்காக வாங்கவில்லை. கரையில் சிலர் கேட்பார்கள்: "இவ்வளவு காசு குடுத்து வாங்கி வைச்சிருக்கிறாய், ஒருநாளும் உன்ர சத்தத்தைக் காணேல்லையே?" கேட்பதற்குத்தான் வாங்கினேன் என்று சொன்னால் அவர்களுக்கு விளங்குவதில்லை. அதனால் ஒருக்கால் முழுதாக எழுதிவிடலாம் என்று இருக்கிறேன்.

நானும் அத்தானும் பருத்தித்துறையில் இருந்து தொழிலுக்குப் போகிறோம். பதினெட்டு அடி பைபர் போட், 25 குதிரைவலு எஞ்சின். பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவது. வெயில் சாயும் நேரம் வெளிக்கிட்டு, ஏழெட்டுக் கடல் மைல் போய், இருட்டும்போது வழிச்சல் வலையை விடுவோம். வலையின் ஒரு தலைப்பைப் போட்டில் கட்டிவிட்டால் வலையோடு சேர்ந்து நாங்களும் நீரோட்டத்தில் வழிந்துகொண்டிருப்போம். இழுப்பதற்கு விடியப்புறம் இரண்டு, மூன்று மணியாகும். அந்த இடைவெளிதான் என்னுடைய நேரம். அத்தான் அணியத்துப் பக்கம் சாய்ந்து கண்ணயர்ந்துவிடுவார். எஞ்சினும் இல்லை, கரைச் சத்தமும் இல்லை. பைபரில் தண்ணீர் தட்டுகிற சத்தம் மட்டும். நான் பிளாஸ்கில் இருந்து ஒரு பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு, பொலித்தீன் பைக்குள் இருக்கிற செற்றைக் காதுக்குக் கிட்ட வைப்பேன்.

கையடக்கமான விஎச்எஃப் செற் அது. 5 வாட். அனுமதி எடுத்துத்தான் வைத்திருக்கிறேன். எப்போதும் சனல் 16-இல் நிற்கும். 156.8 மெகாஹேர்ட்ஸ். உலகத்தில் எந்தக் கடலில் நின்றாலும் ஆபத்துக் குரலும் முதல் அழைப்பும் அந்தச் சனலில்தான். கூப்பிட்ட இருவரும் ஒருவரையொருவர் பிடித்ததும் 6, 72 என்று வேறு சனலுக்குப் போய்விட வேண்டும். 16 காலியாக இருக்க வேண்டும். அது கதைக்கிற இடம் இல்லை, வாசல்.

கேட்பது எனக்கு எங்கிருந்து பழக்கமானது என்று யோசித்தால், அது கடலில் தொடங்கவில்லை. 90-களில் எங்கள் பக்கம் மின்சாரம் இல்லை, பற்றறி கொண்டுவரத் தடை. எல்லோருடைய வீட்டிலும் செய்ததுபோல அப்பாவும் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் இருந்து ரேடியோவுக்கு வயர் கொடுத்திருந்தார். பெடலைச் சுற்றுவது என் வேலை. இரவில் பிபிசி தமிழோசை. அப்பா குனிந்து காதைக் கொடுத்துக்கொண்டு இருப்பார். என் கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தளரும். "சுத்தடா, சுத்தடா" என்பார் அப்பா. கடலுக்குப் போக முடியாத நாட்களில்கூட கடல் கொந்தளிப்பு, காற்று என்று ஏதாவது சொல்கிறார்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு குரல் சும்மா வருவதில்லை, அதற்காக ஒருவன் கை நோக நிற்க வேண்டும் என்பது எட்டு வயதில் எனக்குத் தெரிந்துவிட்டது. கடலில் இப்படி ஒரு செற் வைத்திருப்பதை அந்தக் காலத்தில் நினைத்தும் பார்க்க முடியாது. அதனால்தானோ என்னவோ, எங்கள் வயதுக்காரருக்குக் கடலில் ரேடியோ பழக்கமே வரவில்லை. இன்றைக்கும் சிறு தொழில் செய்கிற அதிகம் பேர் கைப்பேசியைத்தான் நம்பிப் போகிறார்கள். பத்துப் பதினைந்து மைல் போனால் அது வெறும் ரோச் லைற்.

சரி, என்ன கேட்கும், எவ்வளவு தூரத்துக்குக் கேட்கும்?

எங்கள் ஆட்களுக்குப் பனையைக் கொண்டு சொன்னால் விளங்கும். கரையை விட்டுப் போகும்போது முதலில் மணல் மறையும், பிறகு வீடுகள், கடைசியாகப் பனை வட்டு. உயரமானது கடைசியாக மறைகிறது. பருத்தித்துறை வெளிச்சவீடு 32 மீற்றர் என்பதால் அது இன்னும் கொஞ்சம் நிற்கும். விஎச்எஃப் அலையும் அப்படித்தான், கடல் வளைவுக்கு மேலாக நேராகப் போகும். கண்பார்வையைவிடச் சொற்பம் கூடப் போகும், ஏனென்றால் காற்று அதைக் கொஞ்சம் கீழே வளைக்கிறது. கணக்கு இதுதான்: அன்ரனா நிற்கிற உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீற்றர் வரும். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகப் பார்த்துக் கூட்ட வேண்டும். போட்டில் இருந்துகொண்டு நெஞ்சுக்கு நேரே செற்றைப் பிடித்தால் ஒரு மீற்றர் உயரம், நாலு கிலோமீற்றர். அதையே ஒரு மூங்கிலில் கட்டி நாலு மீற்றருக்கு உயர்த்தினால் எட்டுக் கிலோமீற்றர். கப்பலின் அன்ரனா 30 மீற்றரில் நிற்கும். அவருக்கு இருபத்திரண்டு கிலோமீற்றர்.

இந்தக் கணக்கால் ஒரு விசயம் நடக்கிறது. அதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். கடலில் நாங்கள் பாதிக் கதையைத்தான் கேட்கிறோம். உயரத்தில் இருப்பவர் பேசுவது கேட்கும், தாழ இருப்பவர் சொல்லும் மறுமொழி கேட்காது. கப்பல்காரர் ஒரு கேள்வி கேட்பார். பிறகு ஒன்றுமில்லை. பிறகு "சரி, விளங்கியது" என்பார். நடுவில் ஒரு ஆள் கதைத்திருக்கிறான், எனக்குத்தான் கேட்கவில்லை. பழகப் பழக அந்த நடு இடைவெளியையும் சேர்த்துக் கேட்கத் தொடங்கினேன். எத்தனை வினாடி இடைவெளி, மறுபடியும் அதே கேள்வியா, கேட்கிறவரின் குரலில் அவசரம் ஏறுகிறதா என்று. அலையின் உச்சியில் போட் ஏறும்போது அரைச் சொல் கிடைக்கும், பள்ளத்தில் இறங்கினால் போய்விடும்.

மற்றபடி வருகிற குரல்கள் பலமாதிரி. காங்கேசன்துறைக்கு வருகிற சரக்குக் கப்பல்களின் ஆங்கிலம். எந்த நாட்டுக்காரர் என்றாலும் எண்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்வார்கள், பதினாறு என்று சொல்லாமல் ஒன்று, ஆறு என்று. "செக்யூரிட்டே" என்று மூன்று தரம் வந்தால் காற்று, கடல் பற்றிய எச்சரிக்கை. "பான் பான்" என்றால் உயிர் உடனே போகிற ஆபத்தில்லை, ஆனால் உதவி வேண்டும். "மேடே" பற்றிப் பிறகு சொல்கிறேன்.

2023 ஒக்ரோபர் 14 அன்று நாகபட்டினத்தில் இருந்து செரியாபாணி காங்கேசன்துறைக்கு வந்தது. இந்தப் பக்கத்தில் சுமார் நாற்பது வருடத்துக்குப் பிறகு ஓடிய பயணிகள் கப்பல். நான் அன்று கடலுக்குப் போகவில்லை. வல்வெட்டித்துறையில் மாமா வீட்டு மொட்டை மாடியில் இரண்டு பேரும் கதிரை போட்டு இருந்து, செற்றை மதிலில் வைத்துக் காத்திருந்தோம். கடைசியில் கப்பலின் குரல் ஒரு அரை நிமிடம் தெளிவாக வந்தது. துறைமுகத்துக்கு வழக்கமாகச் சொல்லுகிற வார்த்தைகள்தான். மாமாவின் கண் கலங்கிவிட்டது. அவர் சின்ன வயதில் அந்தக் கப்பலுக்கு முந்தைய கப்பல்களில் இந்தியா போய் வந்தவர்.

அக்கரைத் தமிழும், அதாவது தமிழ்நாட்டு மீனவரின் தமிழும் வரும். இழுவைப் படகுக்காரர்களின் செற்றுகள் பெரியவை, அன்ரனாவும் உயரம். அவர்கள் தங்களுக்குள் கதைப்பது எங்களுக்கு நன்றாகக் கேட்கும். இதில் நான் ஒளிக்காமல் ஒன்று எழுத வேண்டும். என் வலை இரண்டு தரம் இழுவைப் படகில் அகப்பட்டு அறுந்து போனது. ஒரு தரம் மொத்தமாகவே போனது. அந்த வலைக்கு வாங்கிய கடனை மனைவியின் சங்கிலியை வைத்துத்தான் அடைத்தேன். இலங்கையில் 2017-இல் இழுவைமடித் தொழிலைச் சட்டம் போட்டுத் தடை செய்த பிறகும் இரவில் அந்த வெளிச்ச வரிசை வருவது நின்றுவிடவில்லை. வெளிச்சமாகப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு எரியும். ஆனால் அதே வெளிச்சத்துக்குள் இருந்து குரல் வரும்போது வேறுமாதிரி இருக்கும். மீன்பாடு எப்படி என்று கேட்பார்கள், அதே சொல் எங்களுக்கும். ஒருவருக்கு மகளின் பரீட்சை மார்க் கவலை. இன்னொருவருக்கு முதலாளிக்குக் கட்ட வேண்டிய டீசல் காசு. கேட்டபிறகு வலை திரும்ப வந்துவிடாது, கோபமும் போய்விடாது. ஆனால் முகம் இல்லாத வெளிச்சமாக அவர்களை என்னால் இப்போது பார்க்க முடிவதில்லை.

இதற்கு மேல் அவர்கள் கதைத்ததை எழுத மாட்டேன். உங்களுக்கென்று வராத செய்தி காதில் விழுந்தால் அதை வெளியே சொல்லிக்கொண்டு திரியக் கூடாது என்பது உலக ரேடியோ ஒழுங்குவிதியிலேயே இருக்கிறது. மாமா எனக்கு முதலில் சொல்லித் தந்ததும் அதுதான்.

பங்குனி, சித்திரையில் கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடக்கும். காற்றே இருக்காது. அந்த நாட்களில் மேலே சொன்ன கணக்கெல்லாம் பிழைத்துவிடும். கடல் மேற்பரப்பில் ஈரக் காற்றும் அதற்கு மேலே சூடான உலர்ந்த காற்றும் படிந்து நின்றால், அலை மேலே தப்பிப் போக முடியாமல் நடுவில் அகப்பட்டு, குழாய்க்குள் ஓடும் தண்ணீர்போல வெகுதூரம் ஓடும். இப்படித்தான் ஒருமுறை காரைக்கால் துறைமுகம் ஒரு கப்பலோடு கதைப்பது பக்கத்தில் நின்று சொல்வதுபோல வந்தது. 120 கிலோமீற்றர் இருக்கும். வடமராட்சியில் வீட்டுக்கு வீடு உயரமான கம்பம் நட்டுத் தூரதர்சன் பார்த்தவர்களுக்கு இது புதுமையாக இராது. எந்த மாதத்தில் படம் தெளிவாக விழும், எந்த மாதத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் என்று எங்கள் அம்மாக்களுக்கே தெரியும். ஆனால் கடலில் இது ஆபத்தும் கூட. தூரத்துக் குரல் கிட்ட வந்து நின்று, கிட்ட இருக்கிறவனின் மெல்லிய குரலை மூடிவிடும்.

மாமா பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் அண்ணன். வெளிநாட்டுக் கப்பல்களில் ரேடியோ அலுவலராக இருந்தவர், மோர்ஸ் காலத்து ஆள். அவருடைய வீட்டு முன்னறையில் ஒரு பித்தளை மணிக்கூடு இருக்கிறது, பழைய கப்பல் ஒன்றில் இருந்து வந்தது. அதன் முகத்தில் நாலு இடத்தில் நிறத் துண்டுகள் தீட்டியிருக்கும். சிவப்பு, 15 இலிருந்து 18 நிமிடம் வரை, பிறகு 45 இலிருந்து 48 வரை. பச்சை, மணி தொடங்கி மூன்று நிமிடம், பிறகு 30 இலிருந்து 33 வரை. சின்ன வயதில் அது அழகுக்குத் தீட்டியது என்றுதான் நினைத்திருந்தேன். அது மௌன நேரம். சிவப்பில் மோர்ஸ் ஆபத்து அலைவரிசையான 500 கிலோஹேர்ட்ஸில் எல்லாக் கப்பலும் வாயை மூட வேண்டும். பச்சையில் குரல் அலைவரிசையான 2182 கிலோஹேர்ட்ஸில். உலகம் முழுவதும், எந்தக் கடலிலும், எவ்வளவு அவசர வியாபாரச் செய்தி என்றாலும். அந்த மூன்று நிமிடம் எல்லோரும் கேட்கிறார்கள். பலவீனமான செற்றில், சாகிற பற்றறியில் ஒருவன் கூப்பிட்டுக்கொண்டிருந்தால் அந்த நேரத்திலாவது அவன் குரல் மேலே வரட்டும் என்று.

"உலகம் முழுக்க ஒரே நேரத்தில வாயை மூடிக்கொண்டு இருந்த ஒரு காலம் இருந்தது, தம்பி," என்று மாமா சொல்வார். 1999-இல் செய்மதியும் தானியங்கிக் கருவிகளும் சேர்ந்த புதிய முறை முழுதாக வந்தபிறகு அந்த மௌனம் தேவையில்லாமல் போய்விட்டது. பெரிய கப்பலுக்குத் தேவையில்லை, சரி. என்னுடைய பதினெட்டு அடிப் போட்டில் செய்மதியும் இல்லை, ஒன்றும் இல்லை.

டைட்டானிக் கதையை மாமா சொல்கிற விதமே வேறு. பனிப்பாறை, பாட்டு, காதல் ஒன்றும் வராது. இரண்டு ரேடியோக்காரர் மட்டும் வருவார்கள். 1912-இல் கிட்டவே நின்ற கலிபோர்னியன் கப்பலில் இருந்தது ஒரேயொரு ரேடியோக்காரர். வேலை முடிந்து செற்றை நிறுத்திவிட்டுப் படுத்துவிட்டார். உதவிக்கு ஓடிவந்த கார்பேத்தியாக் கப்பலிலும் ஒரே ஆள்தான். அவரும் படுக்கத்தான் ஆயத்தம், ஆனால் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றவில்லை. எழுநூறுக்கு மேற்பட்ட உயிர் தப்பியது அந்தக் காதால்தான் என்பார் மாமா. இரண்டு வருடம் கழித்து உலக நாடுகள் கூடிக் கப்பல்களில் இரவும் பகலும் காது கொடுக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டன.

அதனால் நான் என் போட்டில் பச்சைத் துண்டை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மணி தொடங்கும்போதும் மூன்று நிமிடம். அரை மணிக்கும் செய்ய ஆசைதான், வலை வேலையில் முடிவதில்லை. அந்த மூன்று நிமிடம் எஞ்சின் ஓடினால் நிறுத்துவேன். அத்தான் முழித்திருந்தாலும் கதைக்க மாட்டார். எழுந்து நின்று, செற்றைக் கை நீட்டி மேலே பிடித்து, ஸ்குவெல்ச்சை முழுதாகத் திறப்பேன். ஸ்குவெல்ச் என்பது ஒரு வடிகட்டி. வெறும் இரைச்சலை அடைத்து, குரல் வந்தால் மட்டும் திறந்துவிடும். அதைத் திறந்துவிட்டால் சோ என்று ஒரு இரைச்சல், தகரக் கூரையில் தூரத்து மழை விழுவதுபோல. கதவைத் திறக்கப் பலமில்லாத குரல் அந்த இரைச்சலுக்குள்தான் கிடக்கும்.

இந்தப் பழக்கம் எனக்கு உறுதியானது ஒரு பிழையால். என்னுடைய பிழை. மூன்று வருடத்துக்கு முன், ஒரு மாசி மாதத்து இரவு. செற்றைப் பையோடு ரெஜிபோம் பெட்டிக்கும் பலகைக்கும் நடுவில் செருகி வைத்துவிட்டு வலை பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று ரேடியோவில் ஒரு சத்தமும் இல்லை. கடல் அமைதி, எல்லோரும் சுகமாக இருக்கிறார்கள் என்று நினைத்தேன். அத்தான் பாடிக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்குச் செற்றைக் கையில் எடுத்து ஸ்குவெல்ச்சைத் திறந்தால் இரைச்சல் வரவில்லை. பார்த்தால் சிவப்பு லைற் எரிந்துகொண்டிருந்தது. பெட்டி அமர்த்தியதால், பேசுகிற பொத்தான் அழுந்தியபடியே கிடந்திருக்கிறது. எத்தனை நிமிடம் என்று தெரியாது. பற்றறி பாதிக்குமேல் இறங்கியிருந்தது.

விளங்காதவர்களுக்குச் சொல்கிறேன். பொத்தானை அழுத்தியிருக்கும்வரை நாங்கள் ஒன்றையும் கேட்க முடியாது. அதைவிட மோசம், எங்களைச் சுற்றி நிற்கிற ஒருவரும் கேட்க முடியாது. விஎச்எஃப் போவது எஃப்எம் முறையில். அதில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டும் கலந்து வராது. பலமானது பலவீனமானதை முழுதாக விழுங்கிவிடும். கிட்ட நின்ற ஒவ்வொரு போட்டுக்கும் அன்று பலமானது என்னுடைய செற். அதாவது அந்த வட்டத்துக்குள் யாராவது கூப்பிட்டிருந்தால், அந்தக் குரலின் மேல் அத்தானின் பாட்டும் நான் வலை பார்த்த சத்தமும்தான் ஏறி இருந்திருக்கும். மறுநாள் கரையில் போட்டுக்காரர் எல்லோரிடமும் நேற்று ஏதும் நடந்ததா என்று கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அமைதி என்று நான் நினைத்தது நானே போட்ட பூட்டு. இப்போது செற் என் கழுத்தில் கயிற்றில் தொங்கும், பொத்தான் வெளிப்பக்கம் பார்த்தபடி.

இனி, போன வருடம் ஆவணி.

தென்மேற்கில் இருந்து அடிக்கிற சோழகக் காற்று இன்னும் விட்டிருக்கவில்லை. வாடைக் காலத்தில் எஞ்சின் நின்றால் காற்று ஒருமாதிரிக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு வரும். சோழகத்தில் நின்றால் வடகிழக்கே, வங்காள விரிகுடாவுக்குள். அங்கே நடுவில் மறிக்க ஒன்றும் இல்லை. எங்கள் ஜிபிஎஸ்ஸில் 9 பாகை 57 நிமிடம் வடக்கு, 80 பாகை 20 நிமிடம் கிழக்கு. பதினொரு மணிக்குச் சற்று முன், காங்கேசன்துறைப் பக்கம் வந்துகொண்டிருந்த ஒரு சரக்குக் கப்பல் "உங்கள் நிலையைத் திரும்பச் சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் கேட்டது. இடைவெளி. மறுபடி அதே கேள்வி, மெதுவாக. இடைவெளி. மூன்றாம் தரம், எழுத்தெழுத்தாக.

கேட்கிறவர் பொறுமையான ஆள். ஆனால் மறுபக்கம் ஒரு சத்தமும் இல்லை. பாதிக் கதை. நடுவில் ஒரு தாழ்ந்த செற் இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. கப்பலோடு கப்பல் கதைத்தால் இப்படி மூன்று தரம் கேட்க வேண்டி வராது.

அத்தானை எழுப்பினேன். வலை மிதவையில் வெளிச்சம் கட்டுகிற மூங்கில் ஒன்று போட்டில் கிடந்தது. அதன் நுனியில் செற்றைக் கயிற்றால் சுற்றிக் கட்டி, ஸ்குவெல்ச்சைத் திறந்துவிட்டு, சத்தத்தை உச்சத்துக்கு வைத்து, அத்தான் மூங்கிலை நிமிர்த்திப் பிடித்தார். மழை இரைச்சல். அதற்குள்ளே, அலை தூக்கியபோது மட்டும், ஒரு பெடியனின் குரல். "...பத்து தசம் பூச்சியம் ரெண்டு... எம்பது தசம் நாப்பது... அண்ணை, எஞ்சின் நிண்டுபோச்சு... தண்ணி வருது..."

தமிழ். எண்களை அவன் ஆங்கிலத்திலும் சொல்லிப் பார்த்திருக்கிறான். கப்பல் அவனை 10 பாகை 02 நிமிடம், 80 பாகை 40 நிமிடம் என்று எடுத்துத் திருப்பிச் சொன்னது. அவனும் பயத்தில் யெஸ், யெஸ் என்கிறான்.

எனக்கு முதலில் தோன்றியது ஒன்றுதான். 80 பாகை 40 நிமிடம் என்றால் எங்களிடம் இருந்து இருபது மைல் கிழக்கே. அவ்வளவு தூரத்தில் ஒரு சின்னப் போட்டில் இருப்பவனை மூங்கிலில் கட்டினாலும் எனக்குக் கேட்கவே கேட்காது. கேட்கிறது என்றால் அவன் கிட்ட இருக்கிறான். அப்போதுதான் விளங்கியது, அவன் பார்ப்பது கைப்பேசியை. கைப்பேசி காட்டுவது தசமப் பாகை. 80.40 என்றால் 80 பாகையும், ஒரு பாகையில் நூற்றுக்கு நாற்பது பங்கும். பாகைக்கு அறுபது நிமிடம். 0.40-ஐ அறுபதால் பெருக்கினால் 24. அவன் நிற்பது 80 பாகை 24 நிமிடம். 10.02 என்பது 10 பாகை 1.2 நிமிடம். கப்பல் குறித்த இடத்துக்கும் அவன் நின்ற இடத்துக்கும் பதினாறு மைல், முப்பது கிலோமீற்றர் வித்தியாசம். எங்களிடம் இருந்து அவன் ஆறு மைலுக்குள்.

வோக்கியில் நான் வாய் திறந்தது அன்றுதான். "மேடே" என்றால் உயிர் போகிற ஆபத்து, "ரிலே" என்றால் வேறொருவனின் ஆபத்தை அவனுக்காக நான் சொல்கிறேன் என்பது. மாமா பாடமாக்கித் தந்த ஒழுங்கில், "மேடே ரிலே" மூன்று தரம், என் போட்டின் பெயர், பிறகு நிலை, பாகையும் நிமிடமும் தனித்தனியாக, எண் ஒவ்வொன்றாக. என் ஆங்கிலம் பெரிதில்லை. ஆனால் அந்த ஒழுங்கில் சொல்வதற்குப் பெரிய ஆங்கிலம் தேவையில்லை, அதற்காகத்தான் அப்படி ஆக்கி வைத்திருக்கிறார்கள். முந்திச் சொன்ன இடம் பிழை, தசமத்தை நிமிடம் என்று எடுத்துவிட்டீர்கள் என்று விளக்க நாலைந்து தரம் ஆனது. திடீரென்று அந்த அதிகாரிக்குப் பிடிபட்டது. "இரண்டு நான்கு நிமிடம், நான்கு பூச்சியம் இல்லை" என்று அவரே திருப்பிச் சொன்னார். அவர் குரலில் இருந்த நிம்மதி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

வலையை இழுக்க நேரமில்லை. அத்தான் ஒரு சொல்லும் சொல்லாமல் தலைப்பை அவிழ்த்து, பெரிய மிதவையோடும் வெளிச்சத்தோடும் கட்டிக் கடலில் விட்டார். அறுந்து போன வலைக்குப் பட்ட கடன் அவருக்கும் தெரியும். இருந்தும் என் முகத்தைக் கூடப் பார்க்கவில்லை. ஐம்பது நிமிட ஓட்டம். கப்பல் தூரத்தில் வந்து நின்று தேடுவிளக்கைத் தண்ணீரின் மேல் படுக்கவிட்டது. அந்த வெளிச்சத்தின் ஓரத்தில்தான் போட்டைக் கண்டோம். இரண்டு பெடியள், மூத்தவனுக்கு இருபது இருக்காது. பிளாஸ்ரிக் வாளியால் தண்ணீர் இறைத்துக் கை கொப்பளித்திருந்தது. மிச்சம் இருந்த பிளேன்ரீயைக் கொடுத்தேன். பிளாஸ்கின் மூடியைப் பிடிக்க முடியாமல் இளையவனின் கை நடுங்கியது.

கட்டி இழுத்துக்கொண்டு கரை சேர விடிந்துவிட்டது. வலையைக் காலையில் போய்த் தேடினோம். விட்ட இடத்தில் இருந்து தள்ளி, முழுதாகக் கிடந்தது.

தொழிலுக்குப் போகிற தம்பிமாருக்கு ஒன்றே ஒன்று. கைப்பேசியில் நிலை காட்டுகிற செயலியின் செற்றிங்ஸுக்குள் போய்ப் பாகை, நிமிடம் என்று மாற்றி வையுங்கள். ஒரு நிமிட அட்சக்கோடு ஒரு கடல் மைல், 1852 மீற்றர். கப்பல்காரர், கடற்படை, கரை நிலையம் எல்லோரும் பேசுவது அந்தக் கணக்கில்தான். முடியாவிட்டால் "தசமம், டெசிமல் டிகிரி" என்று அந்தச் சொல்லையாவது சேர்த்துச் சொல்லுங்கள். அப்புறம், செற்றை உயரத்தில் பிடியுங்கள். பொத்தானை அழுத்தி ஒரு வினாடி விட்டுப் பேசத் தொடங்குங்கள். சொல்லி முடிந்ததும் கையை எடுங்கள்.

அன்று பின்னேரமே வல்வெட்டித்துறைக்குப் போய் மாமாவுக்கு எல்லாம் சொன்னேன். சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் ஒரு கேள்வி.

"எத்தினை மணிக்குக் கேட்டனீ?"

"பதினொண்டுக்குக் கொஞ்சம் முந்தி, மாமா."

"கொஞ்சம் முந்தி எண்டு ஒரு நேரம் இல்லை."

உள்ளே போய், அவர் கப்பலில் எழுதியதுபோன்ற ஒரு நீள் கொப்பியைக் கொண்டு வந்து தந்தார். புதுசு, கோடு அவரே அடித்திருந்தார். நேரம், சனல், கேட்டது. கேட்காவிட்டாலும் எழுத வேண்டும் என்றார். இப்போது அது பொலித்தீனுக்குள் செற்றோடு இருக்கிறது. ஒரு பென்சிலும். பேனை ஈரத்தில் எழுதாது.

நேற்றைய பக்கம்:

21.00 – 16 – ஒன்றும் இல்லை.
22.00 – 16 – கப்பல் ஒன்று துறைமுகத்தை அழைத்தது. மறுமொழி கேட்கவில்லை.
23.00 – 16 – ஒன்றும் இல்லை. இரைச்சல் நன்று.
00.00 – 16 – ஒன்றும் இல்லை.
01.00 – 16 – ஒன்றும் இல்லை. அத்தான் கேட்டார்.
02.00 – 16 – ஒன்றும் இல்லை. வலை இழுக்கிறோம்.